படுகளத்தில் ஐந்தாவது ஆள்

இது நடந்தது. கட்டுக்கதை சொல்லிப் பேர் வாங்கும் ஆசை எனக்கு இல்லை. நடந்தது ஜெனிஃபருக்கு. வாலாஜாபாத்தில் என் தங்கை வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெண் அவள். பொய்யே சொல்லத் தெரியாதவள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். எல்லோரையும் போல அவளும் சின்னச் சின்னப் பொய் சொல்லுவாள். ஆனால் இதைச் சொல்லும்போது அவள் கையில் இருந்த டீ தளும்பித் தளும்பி சேலையெல்லாம் நனைந்தது. துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

பேய் என்றதும் அமாவாசை, நடு ராத்திரி, நாய் ஊளை என்று எதிர்பார்க்கிறவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போவீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது. ஆயிரம் பேர் நடுவில், மேளம் காதைக் கிழிக்க, வெயில் மண்டையைப் பிளக்க நடந்தது. ராத்திரி நடந்திருந்தால் ராத்திரிக்கு மட்டும் பயந்துகொண்டு இருந்திருப்பேன். இப்போது பகலிலும் நிம்மதி இல்லை.

ஜெனிஃபருக்கு ஒரகடத்தில் வேலை. கார் உதிரி பாகம் செய்யும் ஒரு ஜப்பான் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர். அங்கே தரம் பார்க்கும் பிரிவுக்குத் தலைவர் மொரிதா. ஐம்பத்தைந்து வயது. சோடாபுட்டிக் கண்ணாடி; அதைக் கழற்றினால் எதிரில் நிற்பவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. இடது கைப் பழக்கம். வார நாளில் ஒரு போல்ட் பிசகினாலும் கடித்துக் குதறிவிடுவார். சனி ஞாயிறு வந்துவிட்டால் சின்னப் பிள்ளை. கோயில், கூத்து, தறி, தேர், எதையும் விடமாட்டார். கண்ணில் பட்டதையெல்லாம் இடது கையால் படம் வரைந்துகொண்டே இருப்பார்.

மொரிதாவின் மனைவி யோஷிகோ ஜப்பானில், நகோயாவில். ஞாயிறு தவறாமல் மூன்று மணிக்கு வீடியோவில் கூப்பிடுவார். ஒருமுறை அந்த அம்மாள் ஜெனிஃபரைத் திரையில் பார்த்துச் சொன்னார். "அங்கே அவருக்கு வாயும் காதும் நீதான். அடுத்த மாதம் அவரை எனக்குப் பத்திரமாகத் திருப்பிக் கொடு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஜெனிஃபரும் சிரித்துக்கொண்டுதான் சரி என்றாள். ஆனால் வாக்குக் கொடுத்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போதே மனதில் பட்டது.

மொரிதாவுக்குக் கார் ஓட்டுகிற வசந்த்குமாருக்கு உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமம். ஊர்ப் பேரை நான் சொல்லப்போவதில்லை. அந்த ஊரில் இன்றைக்கும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அங்கே திரௌபதி அம்மன் திருவிழா. பாரதக் கூத்து நடந்து, அந்த ஞாயிற்றுக்கிழமை படுகளம், துரியோதனன் விழும் போர்க்களச் சடங்கு.

"சாரை இட்டுக்கினு வாங்க மேடம். இந்த மாதிரி வேற எங்கியும் பாக்க முடியாது" என்றான் வசந்த்.

சனிக்கிழமை உத்திரமேரூர் கல்வெட்டுக் கோயில். குடவோலை போட்டு ஆள் தேர்ந்தெடுத்த கதையைக் கேட்டு, குடத்துக்குள் யார் கைவிடுவார்கள், ஓலையை எடுக்கும் குழந்தைக்கு என்ன வயது என்று மொரிதா துளைத்து எடுத்துவிட்டார். மாலையில் ஏரிக்கரை. மதியம் சாப்பிட்ட கறிக்குழம்பு அவர் வயிற்றைக் கலக்கிவிட்டது. அதற்குப் பிறகு இளநீரைத் தவிர ஒன்றும் தொடவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஊர்ப் பொட்டலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மண்ணால் செய்த துரியோதனன் பொட்டல் முழுக்க மல்லாந்து கிடந்தான். மீசை மட்டுமே ஒரு ஆள் நீளம். மொரிதா குதித்துக்கொண்டு வரையப் போனார்.

அந்த ஊர் படுகளத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாஞ்சாலியின் ஐந்து பிள்ளைகளும் தூக்கத்தில் வெட்டுப்பட்டுச் சாகிறார்கள் அல்லவா. அவர்களாக ஊரில் ஐந்து பேர் படுப்பார்கள். ஐந்தும் ஐந்து குடும்பத்து இடம். அப்பன் படுத்த இடத்தில் மகன் படுப்பான். தலையோடு கால் வெள்ளைத் துணி போட்டு மூடிவிடுவார்கள். மேளம் முழங்கும். பெண்கள் மாரடித்து அழுவார்கள். கடைசியில் பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஒவ்வொருவரையும் அவரவர் சொந்தப் பெயர் சொல்லி மூன்று தரம் கூப்பிடுவார். எழுந்திருப்பார்கள்.

"சும்மா படுத்துக் கெடக்கறது இல்ல மேடம். மூச்சு இருக்கும், ஆளு இருக்காது. பேரு சொல்லிக் கூப்ட்டாதான் திரும்பி வருவாங்க" என்றான் வசந்த்.

அன்றைக்கு நான்கு பேர்தான் இருந்தார்கள்.

ஐந்தாவது இடத்துக்காரர் வேதாசலம் வரவில்லை. இருபது வருஷமாக அந்த இடத்தில் படுக்கிறவர். முதல் நாள் ராத்திரி நெஞ்சு அடைக்கிறது என்று செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். வாயுவாகத்தான் இருக்கும், காலையில் வந்துவிடுவார் என்று காத்திருந்தார்கள். பத்தரை ஆனது. ஆள் இல்லை. அவருக்குப் பிள்ளையும் இல்லை. இடம் காலியாக இருந்தால் ஊருக்கு ஆகாது என்று கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது.

படுக்கிறவர் முதல் நாள் சூரியன் சாய்ந்ததிலிருந்து இளநீரைத் தவிர பல்லில் எதுவும் படாமல் விரதம் இருக்க வேண்டும். அப்படி யார் இருக்கிறார்கள்? ஊரே ராத்திரி கூத்து பார்த்துக்கொண்டு கடலையும் முறுக்கும் தின்றிருந்தது.

வசந்த் விளையாட்டாக வாயை விட்டான். "எங்க சாரு நேத்துலேர்ந்து எளநீ மட்டும்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். பூசாரி மட்டும் சிரிக்கவில்லை. மொரிதாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அம்மன் இருந்த திசையைப் பார்த்தார்.

"வரச் சொல்லு."

ஜெனிஃபருக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. தான் கிறிஸ்தவப் பெண், தனக்கு என்ன இதெல்லாம் என்று நினைத்துக்கொண்டாள். விஷயத்தைச் சொன்னதுமே மொரிதாவின் முகம் மலர்ந்துவிட்டது. இருபது வருஷம் ஊர் ஊராகச் சுற்றியும் எங்கேயும் தன்னை உள்ளே கூப்பிட்டதில்லை என்றார். கண் கலங்கியிருந்தது. அதற்கு மேல் அவள் எப்படி வேண்டாம் என்பாள்?

பூசாரி கேட்டார். "பேரு இன்னா?"

"மொரிதா" என்றாள்.

"மொரிதா..." என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார் பூசாரி.

மொரிதா கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். செருப்பை விட்டார். வேதாசலத்தின் இடத்தில் போய்ப் படுத்தார். துணி மூடியது. கடைசியாக அவர் இடது கை துணிக்கு வெளியே வந்து அவளுக்கு ஒருமுறை ஆட்டிக் காட்டியது.

மேளம் எழுந்தது. உடுக்கை, பம்பை, சிலம்பு. அரைமணி நேரத்துக்கு மேல். வெள்ளைத் துணிகள் ஐந்தும் அசையவில்லை. வெயிலில் அந்த வெள்ளையைப் பார்க்கவே கண் கூசியது. ஜெனிஃபர் ஐந்தாவது துணியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். மூச்சில் ஏறி இறங்குகிறதா... ஏறி இறங்கியது.

பிறகு ஒரு கட்டத்தில், ரொம்ப மெதுவாக ஏறி இறங்கியது.

பூசாரி மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு வந்தார். அவர் அப்போது அருள் வந்து ஆடிக்கொண்டிருந்தார். முதல் ஆள். பெயர் சொல்லி மூன்று தரம். எழுந்தான். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஒவ்வொருவரும் எழுந்து, தடுமாறி, கண்ணைக் கசக்கினார்கள். கூட்டம் குலவையிட்டது.

ஐந்தாவது துணியின் முன் பூசாரி நின்றார். தண்ணீரை வீசினார்.

"வேதாசலம்...!"

ஜெனிஃபருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபது வருஷப் பழக்கம். வாய் தானாகப் போய்விட்டது. "ஐயா! பேரு மாறிப்போச்சு! மொரிதா... மொரிதா!" என்று கத்தினாள். மேளத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"வேதாசலம்...!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். பெண்கள் பிடித்து நிறுத்தினார்கள். குறுக்கே போகக் கூடாதாம்.

"வேதாசலம்... எழுந்துரு!"

துணி விலகியது. மொரிதா எழுந்து உட்கார்ந்தார்.

தடுமாறவில்லை. கண்ணைக் கசக்கவில்லை. எழுந்தவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதுச் சட்டையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு எழுந்து அம்மன் பக்கம் திரும்பி விழுந்து கும்பிட்டார். பூசாரியிடம் தீர்த்தம் வாங்கினார். வலது கையில் வாங்கி, குடித்து, மீதியைத் தலையில் தடவிக்கொண்டார்.

"சாரு சூப்பரா கத்துக்கினாரு மேடம்!" என்று வசந்த் கைதட்டினான்.

ஜெனிஃபர் கண்ணாடியை நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார். வாங்கவில்லை. அவளைத் தாண்டி நடந்தார்.

கண்ணாடி இல்லாமல்... நேராக... ஒரு கல்லில்கூட இடறாமல்.

"மொரிதா சான்" என்று ஜப்பானிய மரியாதையோடு கூப்பிட்டுக்கொண்டே பின்னாலேயே ஓடினாள். ஜப்பானிய மொழியில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். அவர் திரும்பவே இல்லை. கொதிக்கிற தார்ச் சாலையில் வெறுங்காலோடு போனார். மூன்றாவது தெருவில் திரும்பினார். பச்சை பெயிண்ட் அடித்த தகரக் கதவு. அதற்குத் தாழ்ப்பாள் உள்பக்கம். சந்தில் விரலை விட்டு, கம்பியைத் தூக்கி, முட்டியால் ஒரு தட்டு. கதவு திறந்தது.

உள்ளே கட்டியிருந்த நாய் எழுந்தது. குரைக்கவில்லை. வாலை ஆட்டியது.

வசந்தின் சிரிப்பு போய்விட்டது. "மேடம்... இது வேதாசலம் அண்ணன் வூடு."

மொரிதா முற்றத்துத் தொட்டியில் காலைக் கழுவினார். முருங்கை மரத்தடியில் கவிழ்த்துப் போட்டிருந்த உரலில் உட்கார்ந்தார். வீட்டில் யாரும் இல்லை. ஜெனிஃபர் கூப்பிட்டுப் பார்த்தாள், தோளைப் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். அவர் கண் அவள் மேல் நிற்கவே இல்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு வசந்துக்கு போன் வந்தது. கேட்டுவிட்டு அவன் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"வேதாசலம் அண்ணன் பூட்டாரு மேடம். காலைல ஒம்பது மணிக்கே உயிரு பிரிஞ்சிட்ச்சாம். திருவிழா கெட்டுடக் கூடாதுன்னு யாருக்கும் சொல்லலியாம். வண்டி வந்துகினு கீது..."

ஒன்பது மணிக்கு. பூசாரி கூப்பிட்டது பதினொன்றரைக்கு.

ஜெனிஃபர் உரல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஐஸ் பெட்டியும் அதிலேயே வந்தது. வேதாசலத்தின் மனைவி மலர்க்கொடி தலைவிரி கோலமாக இறங்கினாள். தெருவே திரண்டு அழுதது. உடலை இறக்கும்போது மொரிதா உரலிலிருந்து எழுந்தார். ஒரு அடி பின்னால் வைத்தார். இன்னொரு அடி... இன்னொரு அடி. முருங்கை மரத்துக்குப் பின்னால் போய், முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். உடலைப் பார்க்கவே இல்லை.

பெட்டியைப் போட்டு மூடினார்கள். "ஙொய்ய்ய்" என்று மோட்டார் ஓடியது. மரியாதைக்கு ஜெனிஃபரும் கிட்டே போய் எட்டிப் பார்த்தாள். நாற்பத்தைந்து வயது மனிதர். நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. வாய்க்கு நேர் மேலே பெட்டிக் கண்ணாடியில் ஒரு உள்ளங்கை அளவுக்குப் பனி மூட்டம் கட்டியிருந்தது. ஒரு பெண் முந்தானையால் மேலே துடைத்தாள். போகவில்லை. உள்பக்கம் இருந்தது.

"ஐஸ் பொட்டி வெயில்ல அப்டித்தான் இருக்கும்" என்றாள் அவள்.

மூன்று மணிக்கு யோஷிகோ கூப்பிடுவார். அந்த அம்மாளிடம் என்ன சொல்வது? இந்த நினைப்புதான் ஜெனிஃபரைப் பிடித்து உலுக்கியது. வசந்தைக் கொண்டு மொரிதாவைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றினாள். கோயிலுக்கு ஓடினாள். பூசாரி களைத்துப்போய் மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"நான் இன்னா பேரு சொல்லிக் கூப்ட்டேன்?" என்று அவர் அவளையே திருப்பிக் கேட்டார். அருள் வந்தால் அவருக்கு ஒன்றும் நினைவிருக்காதாம். அவள் சொன்னாள். மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தச் செம்புல மீதித் தண்ணி கீது. எடுத்துக்கினு போ. அவரைக் கூட்டியாந்தது நீதானே? நீயே கூப்புடு. அவரோட பேரு சொல்லி. மூணு தரம்."

"வந்துடுவாரா?"

"பொணத்தை எடுக்கறதுக்கு முன்னாடி கூப்புடும்மா" என்றார். செம்பை எடுத்து அவள் கையில் வைத்தார்.

காரை வசந்த் ஊர் ஏரிக்கரையில் நிறுத்தியிருந்தான். தூரத்தில் சாவு மேளம் தொடங்கிவிட்டது. டண்டணக்க... டண்டணக்க... ஜெனிஃபர் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆண்டவரே மன்னியும் என்றாள். தண்ணீரை அவர் முகத்தில் வீசினாள்.

"மொரிதா சான்."

அசைவில்லை.

"மொரிதா சான்!"

கண் இமை துடித்தது.

"மொரிதா சான்... வாங்க!" பதற்றத்தில் கடைசி வார்த்தை தமிழில் வந்துவிட்டது.

அவர் மூச்சை இழுத்தார். அவளைப் பார்த்தார். "ஜெனிஃபர் சான், நாம் எங்கே இருக்கிறோம்?" என்றார். சுத்தமான ஜப்பானிய மொழியில்.

அவள் ஓவென்று அழுதுவிட்டாள். அப்போது மணி இரண்டு ஐம்பது. கண்ணாடியைக் கொடுத்தாள். போட்டுக்கொண்டார். மூன்று மணிக்கு யோஷிகோ கூப்பிட்டார், மொரிதா பேசினார். வெயில், களைப்பு, தூங்கிவிட்டேன் என்றார். ஜெனிஃபரும் எட்டிப் பார்த்து, "பத்திரமாக இருக்கிறார்" என்று கையாட்டினாள்.

மொரிதா தேறட்டும் என்று அங்கேயே இருந்தார்கள். நாலரைக்குச் சவ ஊர்வலம் காரைத் தாண்டிப் போனது. மொரிதா கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். எந்த மனிதரும் செய்வதுதான்.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தார். போல்ட் பிசகியதற்குத் திட்டினார். எல்லாம் பழையபடிதான். பேனாவை வலது கையில் பிடித்திருந்தார். கேட்டதற்கு, இடது தோளில் வலி என்றார். அந்த வாரம் படம் எதுவும் வரையவில்லை. சனிக்கிழமை எங்கேயும் போகவில்லை. அடுத்த மாதம் ஊர் திரும்பவில்லை, இன்னும் ஒரு வருஷம் இருக்கிறேன் என்று தலைமை அலுவலகத்தில் கேட்டிருக்கிறார் என்று காதில் விழுந்தது.

மறு ஞாயிறு ஜெனிஃபர் சர்ச்சுக்குப் போனாள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சாம்சன் வந்து நின்றான். அவர்கள் சபைப் பையன்தான். செங்கல்பட்டில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான்.

"அக்கா, போன வாரம் அந்த சாவுல உன்னப் பாத்தேன். நான்தான் பாடி எடுத்தாந்தேன்" என்றான். அக்கம் பக்கம் பார்த்தான். "ஒண்ணு கேக்கட்டுமா? சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"வழில... பதினொன்றரை மணி இருக்கும்... பின்னால சத்தம். வாய் மெனகெட்டு எதையோ சொல்ற மாதிரி. அந்தம்மா அழுதுகினே தூங்கிட்டாங்க, அவங்களுக்குத் தெரியல. நான் வண்டிய ஓரங்கட்டிப் பாத்தேன். நாடி இல்ல. ஒடம்பு ஐஸு. ஆனா வாயி அசையுது. டாக்டரு எழுதிக் குடுத்துட்டாரு, நான் யார்கிட்ட சொல்றது? பேஜாரு. காத்து வெளிய வருதுன்னு நெனச்சிக்கினேன்."

"என்ன சொல்லிச்சு?"

"ஒரே வார்த்தைதான்க்கா, திருப்பித் திருப்பி. தமிழும் இல்ல, இந்தியும் இல்ல. 'கொகோ நி இமாஸ்'... 'கொகோ நி இமாஸ்'... உனக்குத்தான் நாலு பாஷை தெரியுமே. அது இன்னா பாஷைக்கா?"

ஜப்பானிய மொழியில், இங்கே இருக்கிறேன்.

அது யார் குரல் என்று ஜெனிஃபருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதுதான் சரியாகிவிட்டதே. இரண்டு ஐம்பதுக்கு அவள் கூப்பிட்டாள், அவர் வந்துவிட்டார். நல்லவேளை. நல்லவேளையாக எடுப்பதற்கு முன்பே...

"எத்தனை மணிக்கு நின்னுச்சு சாம்சன்? மூணு மணிக்குள்ள நின்னிருக்கும் இல்ல?"

சாம்சன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"எங்கக்கா நின்னுச்சு? பொட்டி திருப்பி எடுக்கணும்னு சாயந்தரம் வரைக்கும் அங்கியே இருந்தேன். குழில எறக்க ஆள் கொறஞ்சுதுன்னு நானும் கை குடுத்தேன். மேளச் சத்தத்துல யாருக்கும் கேக்கல. என் காது அந்த வாய்கிட்ட இருந்துது. மண்ணு போடற வரைக்கும் சொல்லிக்கினேதான்க்கா இருந்துது."

ஜெனிஃபர் வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. மூன்று மணிக்கு அவள் போன் அடித்தது, மொரிதாவின் போன் அல்ல. யோஷிகோ. எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மொரிதா மண்ணுக்குள் என்றால், அவர் உடம்பிலிருந்து அவர் பாஷையையே எடுத்துப் பேசுகிறவர் யார்?

மறுநாள் திங்கட்கிழமை. எட்டு மணிக்கு அந்த மனிதர் பக்கத்தில் போய் அவள் உட்கார வேண்டும்.